காருக்குப் பின்னால் இரண்டு சைக்கிள்

கூட்டேரிப்பட்டு டீக்கடை ஓரத்தில் காரை நிறுத்திவிட்டுப் பின்னால் போய்ப் பார்த்தேன். சைக்கிள் ரேக்கில் மாட்டியிருந்த மகளின் சைக்கிள் ஒரு சாண் கீழே இறங்கியிருந்தது. அதன் பின்சக்கரம் சைலன்சர் குழாய்க்கு நேராக, நாலு விரல் தள்ளித் தொங்கியது. டயரின் ஓரத்தில் ஒரு ரூபாய் நாணயம் அளவுக்கு ரப்பர் இளகிப் பளபளவென்று இருந்தது. தொட்டேன், விரலில் கறுப்பாக ஒட்டியது. திண்டிவனத்தில் தம்பி வீட்டிலிருந்து கிளம்பிப் பதினைந்து கிலோமீட்டர்தான் வந்திருந்தோம். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் டியூப் வெடித்திருக்கும். அந்த அதிர்ச்சியில் ரேக்கின் பெல்ட் முழுதாக விட்டிருந்தால் சைக்கிள் நான்குவழிச் சாலையில், பின்னால் வந்த பேருந்தின் சக்கரத்துக்கு முன்னால் விழுந்திருக்கும்.

அன்றைக்கு மாட்டியிருந்தது தெரிந்தவரிடம் கடன் வாங்கிய ரேக். அது அவருடைய காருக்கு நன்றாகப் பொருந்திய ரேக். எங்கள் காரின் பின்கதவு வேறு மாதிரி வளைந்திருக்கும். மேல் கொக்கி உட்காருவதற்குச் சரியான விளிம்பு இல்லாத இடத்தில் அதை மாட்டியிருந்தேன், வேகத்தடைகளில் அது கொஞ்சம் கொஞ்சமாக நகர்ந்துவிட்டது. அதற்குப் பிறகு நாலு மாதம் பார்த்து, அளந்து, கேட்டு, சொந்தமாக ஒரு ரேக் வாங்கினேன். விழுப்புரம் பக்கம் நிறையப் பேர் இப்போது கியர் சைக்கிள் வாங்குகிறார்கள். கார் பின்னால் மாட்ட எதை வாங்கலாம் என்று என்னிடமே மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். எனக்குத் தெரிந்ததை முழுசாகச் சொல்லிவிடுகிறேன்.

முதல் கேள்வியை என் அப்பாவே கேட்டார். "சைக்கிள்னா ஓட்டிக்கிட்டுப் போறதுக்குத்தானே, அதை ஏன் தூக்கிக்கிட்டுப் போறீங்க?"

நியாயமான கேள்விதான். ஆனால் விழுப்புரத்துக்கும் திண்டிவனத்துக்கும் நடுவில் இருக்கிற ஏறக்குறைய நாற்பது கிலோமீட்டரில் ஒன்பதாம் வகுப்புப் பிள்ளையைச் சைக்கிளில் அனுப்ப எனக்குத் துணிச்சல் இல்லை. சர்வீஸ் ரோடு பாலம் வந்தால் முடிந்துவிடும். அந்த இடத்தில் பெரிய சாலையில் ஏறியே ஆக வேண்டும். எதிர்த்திசையில் இருசக்கர வண்டிகள் வரும். இரவில் சென்னையிலிருந்து கிளம்பிய ஆம்னி பஸ்கள் விடிவதற்குள் ஊர் போய்ச் சேரப் பறக்கும். சைக்கிள் ஓட்ட அருமையான சாலைகள் நம் மாவட்டத்தில் நிறைய இருக்கின்றன. மகேந்திரவர்மன் குடைந்த மண்டகப்பட்டுக் குகைக்கோயிலைச் சுற்றியிருக்கும் கிராமச் சாலைகள், 2025 ஜூலையில் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த செஞ்சிக்கோட்டையின் அடிவாரம், திண்டிவனத்துக்குக் கிழக்கே பிரம்மதேசம் தாண்டி மரக்காணம் உப்பளம் வரை போகிற வழி. இவற்றில் எதற்குப் போவதானாலும் வீட்டிலிருந்து முதலில் ஒரு நெடுஞ்சாலையையோ நெரிசலையோ கடக்க வேண்டியிருக்கிறது. அந்தத் தூரத்தைக் கார் கடக்கட்டும், மிச்சத்தைக் கால் மிதிக்கட்டும் என்பது எங்கள் ஏற்பாடு.

கேள்வி கேட்ட அப்பாவே ஒரு காலத்தில் சைக்கிளைத் தூக்கிக்கொண்டு போனவர்தான். விழுப்புரத்தைத் தலைமையிடமாக வைத்துத் தந்தை பெரியார் போக்குவரத்துக் கழகம் 1975இல் தொடங்கியது. அந்த நாள் பஸ்களுக்குப் பின்னால் இரும்பு ஏணி இருக்கும், மேலே கம்பி கட்டிய கேரியர் இருக்கும். செஞ்சிப் பக்கத்துக் கிராமத்தில் வேலை கிடைத்து அப்பா போனபோது அவருடைய சைக்கிள் பஸ் டாப்பில்தான் போனது. லக்கேஜ் டிக்கெட் போட்டுவிட்டு அவரே ஏணியில் ஏறிக் கட்டுவாராம். ஹேண்டில்பாரைப் பக்கவாட்டில் திருப்பி, பெடல் பக்கத்து மூட்டையைக் கிழிக்காமல் இருக்கத் துண்டைச் சுற்றி, கயிற்றால் மூன்று இடத்தில் கட்டு. நான் வாங்கி வந்த ரேக்கை மாட்டி முடித்ததும் அப்பா வந்து சைக்கிளைப் பிடித்து ஒருமுறை உலுக்கினார். "ஆடுது பாரு. ஆடுற கயிறு அறுக்கும்" என்றார். நாலு மாதம் நான் படித்ததில் பாதிக்கு மேல் இந்த ஒரு பேச்சுக்குள் அடங்கியிருந்தது.

வாங்குவதற்கு முன்னால், ரேக் உங்களுக்குத் தேவையா என்று பாருங்கள். நீங்கள் ஒருவரோ இருவரோ மட்டும் போகிறவர்கள் என்றால் தேவையில்லை. பின் சீட்டை மடக்கி, இரண்டு சக்கரத்தையும் கழற்றி, பழைய போர்வையை விரித்துச் சைக்கிளை உள்ளேயே படுக்க வைத்துவிடலாம். செயின் மசி சீட்டில் படாமல் பார்த்துக்கொண்டால் போதும், மழை, புழுதி, திருட்டு எதுவும் கிடையாது. குடும்பத்தோடு போகிறவர்களுக்குத்தான் வெளியே மாட்டுகிற பிரச்சினை வருகிறது.

காரின் கூரைமேல் மாட்டலாமே என்றால், மாட்டலாம். பின்விளக்கு மறையாது, கதவு திறக்கும். ஆனால் ஒன்றரை மீட்டர் உயரக் கார்மேல் இன்னொரு மீட்டர் சைக்கிள் நிற்கும். ரயில்வே கீழ்ப்பாலம், கிராமச் சாலையில் தாழ்ந்து கிடக்கும் புளியங்கிளை, ஊருக்குள் தொங்கும் கேபிள் வயர் எல்லாவற்றுக்கும் குனிய முடியாத உயரம் அது. பதினாறு கிலோ சைக்கிளைத் தலைக்குமேல் தூக்கி நிறுத்துவதும் எல்லாருக்கும் முடியாது. என் மகளும் தம்பி மகனும் தாங்களே ஏற்றி இறக்க வேண்டும் என்று நினைத்தேன். அதனால் பின்பக்கம்தான்.

பின்பக்க ரேக்கில் மூன்று வகை உண்டு. இருப்பதிலேயே உறுதியானது, காருக்கு அடியில் இழுவைக் கொக்கி பொருத்தி அதில் செருகுவது. சைக்கிளின் சக்கரங்கள் ஒரு தட்டில் நிற்கும், காரின் பெயின்ட்டைத் தொடவே தொடாது. பேட்டரி வைத்த கனமான சைக்கிளுக்கு இதுதான் ஏற்றது. நம் ஊர்ச் சின்னக் கார்களில் அந்தக் கொக்கி கம்பெனியிலிருந்து வருவதில்லை. தனியாகப் பொருத்தினால் சேஸிஸில் கைவைக்க வேண்டும், இதற்கு உங்கள் கார் கம்பெனி ஒப்புகிறதா என்று எழுத்தில் கேட்காமல் இறங்காதீர்கள்.

இரண்டாவது, பின்கதவில் ஸ்டெப்னி தொங்குகிற கார்களுக்கானது. தார், ஜிம்னி, பொலேரோ வைத்திருக்கிறவர்கள் கொடுத்துவைத்தவர்கள். நம் ஜிஎஸ்டி சாலையில் மறைமலைநகரில் செய்து, 2022இல் உற்பத்தி நின்றுபோன இகோஸ்போர்ட் இன்னும் எத்தனையோ வீடுகளில் ஓடுகிறது. அதுவும் இந்த ஜாதிதான். ஸ்டெப்னியின் மேல் ரேக்கை அணைத்துக் கட்டிவிட்டால் பெயின்ட்டும் கண்ணாடியும் தப்பித்தன. கதவின் கீல் கனத்தைத் தாங்க வேண்டும் என்பதால் இரண்டு சைக்கிளோடு நிறுத்திக்கொள்ள வேண்டும்.

மூன்றாவது பெல்ட் ரேக். ஹாட்ச்பேக்கும் செடானும் வைத்திருக்கிற பெரும்பாலோருக்கு இதுதான் வாய்க்கும். மடக்கினால் கட்டிலுக்கு அடியில் போய்விடும். நான் வாங்கியதும் இதுதான், இரண்டு சைக்கிள் அளவு. சுவீடனின் தூலே மாதிரிக் கம்பெனிகளின் ரேக்கும் இங்கே கிடைக்கிறது. 1942இல் மீன் பிடிக்கும் பொறி செய்து தொடங்கிய கம்பெனி அது, கார்மேல் சாமான் கட்டும் வேலைக்குப் பின்னால்தான் வந்தது. பெயர் எதுவாக இருந்தாலும், எந்தெந்தக் காருக்குப் பொருந்தும் என்ற பட்டியல் போடாத ரேக்கை வாங்க வேண்டாம். உங்கள் காரின் பெயர் மட்டும் போதாது, எந்த வருஷத்து மாடல் என்பதும் அந்தப் பட்டியலில் பொருந்த வேண்டும். பின்கதவின் வளைவு மாடலுக்கு மாடல் மாறுகிறது.

பெல்ட் ரேக்கில் பெல்ட்கள் மூன்று இடத்தில் பிடிக்கும். மேல் பெல்ட் கனத்தைத் தாங்குகிறது. கீழ் பெல்ட் துள்ளாமல் இழுத்துப் பிடிக்கிறது. பக்கத்துப் பெல்ட் இடமும் வலமும் ஆடாமல் நிறுத்துகிறது. மலிவான சில ரேக்குகளில் பக்கத்துப் பெல்ட் இருக்காது. அவற்றைக் கடையிலேயே விட்டுவிட்டு வந்துவிடுங்கள். பெல்ட்டின் முனையில் இருக்கும் கொக்கி, ரப்பர் பூசிய தட்டையான கொக்கியாக இருக்க வேண்டும். அது கதவின் இரும்புத் தகட்டு விளிம்பில் முழு அகலத்துக்கும் உட்கார வேண்டும். கதவுக்கு மேலே நீட்டிக்கொண்டிருக்கும் ஸ்பாய்லர் பிளாஸ்டிக், அதில் மாட்டினால் பிளந்துவிடும். கண்ணாடியின் ஓரத்தில் மாட்டவே கூடாது. சில கார்களில் பின்கதவே பிளாஸ்டிக்கால் ஆனது. ஒரு காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டவில்லை என்றால் கார் கம்பெனியில் கேட்டுத் தெளிந்த பிறகு மேலே யோசியுங்கள்.

ரேக்கின் கால்களில் இருக்கும் ரப்பர் மெத்தை படும் இடத்தை ஈரத்துணியால் துடைத்துவிட்டு மாட்டுங்கள். நாங்கள் வானூர்ப் பக்கம் ஒருமுறை போய் வந்தோம். இறக்கிப் பார்த்தால் மெத்தைக்கு அடியில் செம்மண் புழுதி, கதவில் இரண்டு வட்டம், உப்புத்தாள் போட்டுத் தேய்த்த மாதிரி. ரேக் ஆடினால் அந்தப் புழுதி தேய்க்கும். அப்பா சொன்னதேதான்.

அடுத்து டேப். ரேக் பார்க்கிற எல்லாரும் சைக்கிளையும் விலையையும் பார்க்கிறார்கள், காரின் அகலத்தைப் பார்ப்பதில்லை. வேகன்ஆரின் அகலம் 1,620 மில்லிமீட்டர், ஸ்விஃப்டின் அகலம் 1,735. என் சைக்கிளை டயர் முனையிலிருந்து டயர் முனைக்கு அளந்தேன், 1,760 வந்தது. இந்த இரண்டில் எந்தக் காரில் மாட்டினாலும் சக்கரம் வெளியே நீட்டும். சைக்கிள் ஒருநாளும் சரியாக நடுவில் உட்காராது என்பதால் ஒரு பக்கம் ஒரு சாண்கூட நீட்டலாம். ஸ்டீயரிங் பிடித்திருக்கிறவருக்கு அது கண்ணில் படாது. சந்தைக்கு நடுவில் காரை நுழைக்கும்போது அந்த ஒரு சாண் யாருடைய கையிலாவது உரசும். முன்சக்கரத்தைக் கழற்றிவிட்டேன். நீளம் 1,410 ஆகக் குறைந்தது. சக்கரம் பின் சீட்டின் காலடியில் போய்விட்டது. ஃபோர்க் முனையில் ஒரு பழைய துணி, அவ்வளவுதான்.

சட்டமும் இதைப் பற்றிப் பேசுகிறது. ஏற்றிய சாமான் வரம்பு மீறிப் பக்கவாட்டிலோ பின்னாலோ நீட்டிக்கொண்டு போனால் 20,000 ரூபாய் அபராதம் என்று 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 194ஆம் பிரிவு சொல்கிறது. நம்பர் பிளேட் தெளிவாகத் தெரிய வேண்டும் என்பது 1989ஆம் ஆண்டு விதிகளிலேயே இருக்கிறது. ஜெர்மனியிலும் நெதர்லாந்திலும் சைக்கிள் நம்பரை மறைத்தால் ரேக்கிலேயே இன்னொரு பிளேட் மாட்ட வேண்டும், அங்கே விற்கிற பெரிய ரேக்குகளில் விளக்கும் சேர்ந்தே வருகிறது. நம்மிடம் அந்த ஏற்பாடு பரவலாக இல்லை. ஆகவே நம்பரும் விளக்கும் மறையாதபடி மாட்ட முடிகிற ரேக்தான் நமக்கான ரேக். சைக்கிளை எவ்வளவு உயரத்தில் தாங்குகிறது என்பதைக் கடையில் கேளுங்கள். கைகள் உயர்ந்து நிற்கும் ரேக்கில் சக்கரங்கள் பெரும்பாலும் கண்ணாடிக்கு நேராகப் போய்விடும், பிளேட் தப்பிக்கும், சைலன்சரும் எட்டாது. எனக்கு விலை ஆயிரத்து ஐந்நூறு கூடுதலாக ஆனது இந்த உயரத்துக்காகத்தான்.

திண்டிவனத்தில் ஒரு வெல்டிங் பட்டறைக்காரர், நல்ல கைக்காரர், "ஸ்கொயர் பைப்புல அடிச்சுத் தரேன் தம்பி, யானையே தொங்கலாம்" என்றார். அவர் வேலை உறுதியாக இருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகம் இல்லை. அதைக் காரில் எங்கே பிடிப்பது என்பதுதான் கேள்வி. பம்பர் வெறும் பிளாஸ்டிக். சேஸிஸில் ஓட்டை போட்டால் காரையே மாற்றியமைத்த கணக்கில் அதே மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு குறுக்கே வரும். முன்பக்கக் கம்பித் தடுப்புகளைக் கழற்றச் சொல்லி மத்திய அரசு 2017 டிசம்பரில் மாநிலங்களுக்கு எழுதியது இந்தப் பிரிவை வைத்துத்தான். நிரந்தரமாக நீட்டிக்கொண்டிருக்கும் இரும்பில் பின்னால் வரும் இருசக்கர வண்டிக்காரர் மோதினால் என்ன ஆகும் என்று நினைத்துப் பார்த்தேன். பட்டறைக்காரரிடமும் சொன்னேன். யோசித்துவிட்டு, "அதுவும் சரிதான்" என்றார்.

எடையை மறக்கக் கூடாது. பெல்ட் ரேக்குகளில் பெரும்பாலும் ஒரு சைக்கிளுக்கு 15 கிலோ என்று எழுதியிருக்கும். நம் ஊரில் சாதாரணமாகக் கிடைக்கிற இரும்பு ஃபிரேம் சைக்கிள், மட்கார்டு, ஸ்டாண்டு, கூடையோடு சேர்த்தால் அதைத் தாண்டிவிடும். பழைய இரும்புக் கடையில் கொக்கித் தராசு இருக்கும், கேட்டால் மாட்டிப் பார்க்க விடுவார்கள். என் சைக்கிள் 16.2 கிலோ. முன்சக்கரம், பூட்டு, தண்ணீர் பாட்டில் எல்லாம் கழற்றிய பிறகு 13.8. அரசு பதினோராம் வகுப்பில் தருகிற விலையில்லாச் சைக்கிள் மாதிரியான கனமான வண்டிகளைப் பெல்ட் ரேக்கில் தொங்கவிடாதீர்கள். மூன்று சைக்கிள் ரேக் என்று விற்பதில் இரண்டை மட்டும் மாட்டுங்கள். மூன்றாவது வெளியே தள்ளி நிற்பதால் மேல் பெல்ட்டை அது இழுக்கிற இழுப்பு முதல் சைக்கிளைவிட அதிகம்.

பார் கம்பி இல்லாத லேடீஸ் சைக்கிள் இந்த ரேக்கின் கைகளில் நேராக உட்காராது. சீட்டுக் கம்பிக்கும் ஹேண்டிலுக்கும் நடுவில் மாட்டுகிற தற்காலிகக் கம்பி தனியாக விற்கிறது. மகளின் சைக்கிளுக்கு அதை வாங்கினோம். கார்பன் ஃபிரேம் வைத்திருக்கிறவர்கள் பார் கம்பியைக் கவ்விப் பிடிக்கும் எந்த ரேக்கிலும் மாட்டாமல் இருப்பது நல்லது, அமுக்கத்தில் ஃபிரேமில் விரிசல் விழலாம்.

ஏற்றும் முறை எங்கள் வீட்டில் இப்படி ஆகிவிட்டது. கனமான சைக்கிள் முதலில், காரை ஒட்டி. அடுத்தது தலைமாற்றி, ஒன்றின் ஹேண்டில் இன்னொன்றின் சீட்டுப் பக்கம் வரும்படி. இரண்டுக்கும் நடுவில் பழைய சைக்கிள் டியூபை வெட்டிச் சுற்றினால் உரசாது, அதைவிட நல்ல கட்டுக்கயிறும் கிடையாது. ஹேண்டில்பார் திரும்பாமல் ஃபிரேமோடு கட்டு. மிச்சம் தொங்கும் பெல்ட் நுனியை முடிச்சுப் போட்டுச் செருகு, காற்றில் அடித்தால் பெயின்ட்டைச் சவுக்கு மாதிரி அடிக்கும். கடைசியில் அப்பாவின் உலுக்கல். சைக்கிளை உலுக்கினால் காரும் சேர்ந்து ஆட வேண்டும். அப்போதுதான் கட்டு சரி. கிளம்பிப் பத்துப் பதினைந்து கிலோமீட்டரில் நிறுத்தி ஒருமுறை பெல்ட்டை இழுத்துப் பார்க்கிறோம். பெல்ட் எப்போதும் கொஞ்சம் இளகத்தான் செய்கிறது. விழுப்புரத்திலிருந்து போனால் விக்கிரவாண்டி, திண்டிவனத்திலிருந்து வந்தால் கூட்டேரிப்பட்டு. எண்பதுக்கு மேல் ஓட்டுவதில்லை. வேகத்தடையில் ஏறக்குறைய நின்று, ஏறி, இறங்குகிறோம். டோல்கேட் வரிசையில் பின்னால் வருகிறவர்கள் முட்டுகிற மாதிரி நெருங்குவார்கள், அந்த ஒரு இடத்தில் மட்டும் எனக்கு இன்றைக்கும் மனசு பதைக்கிறது. நாங்கள் சிவப்புத் துணி ஒன்றைக் கட்டிவிடுகிறோம்.

போன தையில் விடிவதற்கு முன் திண்டிவனத்தில் கிளம்பிக் கழுவெளிக்குப் போனோம். 2021இல் பறவைகள் சரணாலயம் ஆன ஏரி. இருட்டில் பிள்ளைகள் இரண்டு பேரும் செல்போன் வெளிச்சத்தில் தாங்களே பெல்ட்டை அவிழ்த்தார்கள், சக்கரத்தை மாட்டினார்கள், பிரேக் பிடித்துப் பார்த்தார்கள். நான் கைவைக்கவில்லை. கிழக்கு வெளுக்கும்போது நாரைகள் தண்ணீரில் நின்றுகொண்டிருந்தன, மரக்காணத்துப் பக்கமிருந்து உப்புக்காற்று வந்தது, பிள்ளைகள் கண்ணுக்கு எட்டாத தூரம் போய்விட்டார்கள். சைக்கிளை அங்கே கொண்டுவர முடியாமல் போயிருந்தால் இந்தக் காலையை அவர்கள் கார்க் கண்ணாடி வழியாகப் பார்த்திருப்பார்கள்.

வாங்க நினைக்கிறவர்கள், வாங்குவதற்கு முன் ஒரு மாலை இருட்டுகிற நேரத்தில் யாரையாவது காரில் உட்கார வைத்து பிரேக்கும் இண்டிகேட்டரும் போடச் சொல்லுங்கள். நீங்கள் இருபது அடி பின்னால் நின்று, விளக்குகள் எங்கே இருக்கின்றன, நம்பர் எங்கே இருக்கிறது, சைலன்சர் எந்தப் பக்கம் என்று ஒரு தாளில் வரைந்துகொள்ளுங்கள். அந்தத் தாளோடு கடைக்குப் போங்கள். விழுப்புரம், திண்டிவனம் பக்கம் இருக்கிறவர்கள் எங்கள் ரேக்கை வாங்கிப்போய் உங்கள் காரில் மாட்டிப் பார்த்துவிட்டே முடிவு செய்யலாம். ஞாயிற்றுக்கிழமை காலை ஒன்பது மணிக்கு மேல் வீட்டில்தான் இருப்பேன். வரும்போது ஈரத்துணியும் டேப்பும் கொண்டுவாருங்கள்.